தொலைமேசை அமர்வுக் கால வரம்பு
விண்டோஸ் சர்வரின் தொலைமேசைச் சேவையில், பயனர் உள்நுழைந்தது முதல் வெளியேறும் வரை சர்வரில் அவருக்கென இயங்கும் பணிச்சூழல் அமர்வு எனப்படும். அதன் நீடிப்பை நிருவாகி வரையறுக்கும் விதியே கால வரம்பாகும். சாளரத்தை மூடுவதால் மட்டும் அமர்வு முடிவதில்லை; இணைப்பு அறுந்தாலும், திறந்திருந்த நிரல்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து இயங்குகின்றன. இயல்பமைப்பில் இதற்கு வரம்பில்லை என்பதால், பலர் பகிரும் சர்வர் கைவிடப்பட்ட அமர்வுகளால் மந்தமடையக்கூடும். ஆகவே இணைப்பறுந்த அமர்வு, விசையோ மவுஸோ அசையாத செயலற்ற அமர்வு, செயலில் உள்ள அமர்வு ஆகியவற்றுக்குக் குழுக் கொள்கை வழியே தனித்தனி வரம்பு விதிக்கப்படுகிறது. பின்னிரண்டிலும் வரம்பு எட்டியதும் பயனருக்கு 2 நிமிட எச்சரிக்கை காட்டப்பட்டு, பின்னர் இணைப்பு துண்டிக்கப்படும்; அமர்வையே முடித்துவிடும் தெரிவும் உண்டெனினும், சேமிக்காத வேலை அழிந்துபோகும் என்பதால் அதை மிகுந்த கவனத்துடனேயே கையாள வேண்டும்.