ஹரி நில்சனும் கூர்முனையற்ற சிறுவனும்

இசைக் கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். அமெரிக்கப் பாடகரான ஹரி நில்சனைப் (1941–1994) பொறுத்தவரை இவ்வளவுகோல் போதாது. அவருக்குக் கிறாமி விருதுகளைப் பெற்றுத்தந்த இரு பாடல்களும் பிறர் இயற்றியவை. 1969 இல் 'மிட்நைற் கவ்போய்' திரைப்படத்தின் வழியே பரவிய பாடல் பிரெட் நீல் என்பவருடையது. 1972 இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்ற 'விதவுட் யூ', 'பாட்பிங்கர்' குழுவினருடையது. கதைக்கருவும் பாடல்களும் நில்சனிடமே பிறந்த ஆக்கத்தைக் காண விரும்புவோர், சிறுவர்க்கான தொலைக்காட்சிச் சித்திரப்படம் ஒன்றையே நாடவேண்டும்.

நியூயோர்க்கின் புறூக்ளினிற் பிறந்த நில்சன், மூன்று வயதிலே தந்தையாற் கைவிடப்பட்டவர். கலிபோர்னியாவில் வங்கியொன்றின் கணினிப் பிரிவில் இரவுப்பணி புரிந்துகொண்டே பாடல்களை எழுதினார். 1968 இல் பீற்றில்ஸ் குழுவினர் வெளிப்படையாகப் பாராட்டியமை அவருக்குப் பெரும் கவனத்தைப் பெற்றுத்தந்தது. எனினும் அவர் மேடைக் கச்சேரிகளைத் தவிர்த்தே வந்தார். ஒலிப்பதிவுக்கூடமே அவரது களமாயிற்று.

1971 பெப்ரவரி 2 ஆம் திகதி ஏபிசி தொலைக்காட்சியில் 'த பொயின்ற்' ஒளிபரப்பாயிற்று. பிரெட் வூல்ப் அதனை நெறிப்படுத்தினார். முதல் ஒளிபரப்பிற் கதைசொல்லியாகக் குரல் கொடுத்தவர் நடிகர் டஸ்ரின் ஹொப்மன். அதே கதையை நில்சன் தம் குரலிலேயே இசைத்தட்டாகவும் வெளியிட்டார்.

ஆங்கிலத்தில் 'பொயின்ற்' என்னுஞ் சொல் கூர்முனையையும் பொருளையும் ஒருங்கே குறிக்கும். இச்சிலேடையே கதையின் அடித்தளம். வீடுகளும் மனிதர் தலைகளும் கூராயுள்ள ஓரூரில், ஒப்லியோ என்னும் சிறுவன் உருண்டைத் தலையுடன் பிறக்கிறான். தாய் செய்துகொடுத்த கூர்த்தொப்பி அவன் குறையை மறைக்கிறது. விளையாட்டில் அவனிடம் தோற்ற பிரபுவின் மகனுக்காகச் சட்டம் துணைக்கழைக்கப்படுகிறது. 'கூரற்றோர் ஊரில் வாழலாகாது' என்பதே சட்டம். அரசன் மனமின்றியே ஒப்லியோவையும் அவனது நாயையும் காட்டுக்கு அனுப்புகிறான். பொறாமை தொடங்கிய வழக்கைச் சட்டம் முடித்துவைப்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

முடிவிலே ஊர் திரும்பும் ஒப்லியோவின் தலையிற் கூர்முனை தோன்றுகிறது. வேறுபட்டவன் ஈற்றிற் பெரும்பான்மையினரைப் போலாகித்தான் ஏற்புப் பெறவேண்டுமோ என்ற ஐயம் இங்கு எழுவது இயல்பே. ஆயின் அவ்வேளையிலேயே ஏனையோரின் கூர்முனைகள் மறைகின்றன. சட்டம் எதனை அளவுகோலாகக் கொண்டதோ, அதுவே நிலையற்றதாகிவிடுகிறது. இதனாலேயே இக்கதை வெறும் அறிவுரையாகத் தாழாது நிற்கிறது எனலாம்.

1974 இல் ஜோன் லெனனுடன் பணியாற்றிய ஒலிப்பதிவொன்றின்போது நில்சனின் குரல்நாண் பழுதுற்றது. பின்னர் அவரது குரல் பழைய நிலையை முற்றாக அடையவில்லை. ஆனாற் சிறுவர்க்கென அவர் புனைந்த கதையோ அக்குரலை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதே தசாப்தத்தில் அது இலண்டனில் மேடை நாடகமாகவும் நிகழ்ந்தது. பிறர் பாடல்களாற் புகழ்பெற்ற கலைஞர் தமக்கெனச் சொல்ல விரும்பியதைச் சிறுவர்க்கே சொன்னார் என்பதனை அவர் வரலாற்றை எழுதுவோர் மறத்தலாகாது.