துப்பறிவாளன் காதலிக்கலாமா? முப்பது ஆண்டு நடந்த ஒரு வழக்கு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: சில பழைய அமெரிக்கத் துப்பறியும் நாவல்களின் முடிவுகளைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள். பதிவு எங்கும் ஓடிவிடாது.

1928-இல் எஸ்.எஸ்.வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் எழுதினார். அதில் மூன்றாவது விதி, கதையில் காதல் கூடாது என்பது. குற்றவாளியைப் பிடிப்பதுதான் கதையின் வேலை, ஜோடி சேர்த்து வைப்பது அல்ல என்பது அவர் கட்சி. இருபது ஆண்டு கழித்து, முற்றிலும் வேறு வகைக் கதை எழுதிய ரேமண்ட் சாண்ட்லரும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். காதல் வந்தால் மர்மத்தின் பிடி தளரும், நல்ல துப்பறிவாளன் கல்யாணம் செய்துகொள்ள மாட்டான் என்று குறிப்பு எழுதி வைத்தார்.

ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் வந்து, இன்றும் அச்சில் இருக்கும் நாவல்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காதலும் கொலையும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பவைதான். விதி ஒரு பக்கம் போக, கதைகள் ஏன் இன்னொரு பக்கம் போயின? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர் விளக்கம். 'ஹார்ட்-பாயில்டு' என்றால் நன்றாக அவித்த முட்டை. உள்ளே கரு கூடக் கெட்டிப்பட்டுப் போனது. எதற்கும் கலங்காத, எவரையும் எளிதில் நம்பாத ஆளை அமெரிக்கப் பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வார்கள். இந்த வகைக் கதைகளின் தாய்வீடு 'பிளாக் மாஸ்க்' என்ற பத்திரிகை. 1920-இல் எச்.எல்.மென்கென், ஜார்ஜ் ஜீன் நாதன் என்ற இருவர் இதைத் தொடங்கினார்கள். அவர்களுடைய இலக்கியப் பத்திரிகை நஷ்டத்தில் ஓடியது. அதற்குக் காசு தேற்ற, மட்டமான காகிதத்தில் அச்சடித்த மலிவு விலைப் பத்திரிகை இது. கொஞ்ச நாளிலேயே நல்ல விலைக்கு விற்றுவிட்டு நகர்ந்தார்கள்.

அங்கே எழுத வந்தவர்களில் ஒருவர் டாஷியல் ஹாமெட். பிறப்பு 1894. பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையிலேயே வேலை பார்த்தவர். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து, அங்கே காய்ச்சலும் பிறகு காசநோயும் பிடித்துக்கொண்டன. மருத்துவமனையில் தன்னைக் கவனித்த செவிலியர் ஜோஸபின் டோலனை 1921-இல் மணந்தார். நோய் தொற்றிவிடும் என்று பயந்து, மனைவியும் குழந்தைகளும் அவரை விட்டுத் தனியே வாழ வேண்டிய நிலை வந்தது. குடும்பம் ஒரு இடம், அவர் ஒரு இடம். அந்தச் சூழலில் சான் பிரான்சிஸ்கோவின் போஸ்ட் தெருவில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து 'தி மால்டீஸ் ஃபால்கன்' எழுதினார். 'பிளாக் மாஸ்க்'கில் தொடராக வந்து 1930-இல் புத்தகமானது. சமர்ப்பணம் மனைவி ஜோஸுக்கு. அந்தத் திருமணம் அப்போது பேருக்குத்தான் மிச்சம் இருந்தது.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். துப்பறிவாளன் சாம் ஸ்பேட். உதவி கேட்டு வரும் பெண் பிரிஜிட் ஓஷானஸி. ஸ்பேடின் கூட்டாளி சுட்டுக் கொல்லப்படுகிறான். ஸ்பேடும் பிரிஜிட்டும் நெருங்குகிறார்கள். கடைசியில் கொன்றவள் அவள்தான் என்று தெரிகிறது. தெரிந்ததும் ஸ்பேட் அவளைப் போலீசிடம் ஒப்படைக்கிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது எழுதிய முறை. நாவல் முழுவதும் ஹாமெட் யாருடைய மனத்துக்குள்ளும் நுழைவதில்லை. ஸ்பேட் என்ன நினைத்தான் என்று ஒரு வாக்கியம் கிடையாது. சிகரெட் எப்படிச் சுற்றினான், முகம் எப்படி மாறியது, குரல் எப்படி இருந்தது, அவ்வளவுதான். அதனால் ஸ்பேட் காதலித்தானா, நடித்தானா என்பது கடைசி வரை நமக்கும் வழக்காகவே இருக்கிறது. கடைசிக் காட்சியில் அவளை ஏன் விட முடியாது என்று அவன் ஒவ்வொரு காரணமாக அடுக்குகிறான். ஒரு தட்டில் ஏழெட்டுக் காரணம். இன்னொரு தட்டில், ஒருவேளை நாம் ஒருவரை ஒருவர் காதலிக்கிறோமோ என்ற ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தூக்கி எறிய அவனுக்கு அத்தனை காரணம் தேவைப்பட்டது என்பதிலேயே அதன் எடை தெரிந்துவிடுகிறது. 'அவன் நெஞ்சு உடைந்தது' என்று எழுதியிருந்தால் அந்தக் காட்சி அன்றைக்கே செத்திருக்கும்.

மறுநாள் காலை அலுவலகத்தில் செயலாளர் எஃபி இருக்கிறாள். ஸ்பேடுக்காக எதையும் செய்யக்கூடியவள். அவன் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் தன்னைத் தொடக்கூடாது என்று விலகி நிற்கிறாள். உண்மை ஜெயித்தது, ஜெயித்தவன் கையில் ஒன்றும் இல்லை. காதலா, உண்மையா என்ற கேள்விக்கு 1930-இல் கிடைத்த விடை இது.

அதே 1930-இல் ஹாமெட் லில்லியன் ஹெல்மனைச் சந்தித்தார். பின்னாளில் பெரிய நாடக ஆசிரியராகப் பெயர் எடுத்தவர். ஹாமெட் சாகும் வரை நீடித்த உறவு அது. 1934-இல் 'தி தின் மேன்' வந்தது. இதில் துப்பறிவாளன் நிக் சார்லஸ் கல்யாணமானவன். மனைவி நோரா பணக்காரி, கூர்மையான வாய். இருவரும் குடிக்கிறார்கள், கிண்டல் அடிக்கிறார்கள், நடுவில் கொலையும் துலங்குகிறது. கொஞ்சல் வசனம் தேடினாலும் கிடைக்காது. ஒருவர் விட்ட வாக்கியத்தை இன்னொருவர் பிடிக்கும் வேகத்திலேயே அன்பு தெரிகிறது. அந்த ஆண்டே படமாகி, வில்லியம் பவல், மிர்னா லாய் ஜோடியுடன் 1947 வரை ஆறு படங்கள் ஓடின. துப்பறிவாளனுக்குக் கல்யாணம் ஆனாலும் கதை நிற்கும் என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோராவை நிக் எங்கும் சந்தேகிக்கவில்லை. காதல் பத்திரமாக ஒரு பக்கம், கொலை ஒரு பக்கம். ஸ்பேடுக்கு இருந்த அந்த நெருக்கடி இங்கே இல்லை. அதற்குப் பிறகு 1961-இல் இறக்கும் வரை ஹாமெட் ஒரு நாவலையும் வெளியிடவில்லை.

இதுவரை பேசியவர்கள் எல்லாம் ஆண்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தரப்பு இன்னும் வாய் திறக்கவில்லை. அழகாக இருப்பாள், பொய் சொல்வாள், கடைசியில் அவள்தான் கொலைகாரி. இது ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. அதை உடைத்தவர் வீரா காஸ்பரி. 1899-இல் சிகாகோவில் பிறந்தவர். விளம்பரத் துறையில் வேலை பார்த்துத் தன் காலில் நின்றவர். அவர் எழுதிய 'லாரா' 1942-இல் 'கோலியர்ஸ்' இதழில் தொடராக வந்து 1943-இல் புத்தகமானது.

லாரா ஹண்ட் என்ற விளம்பரத் துறைப் பெண் தன் வீட்டு வாசலிலேயே முகம் சிதையச் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கதை தொடங்குகிறது. விசாரிக்க வரும் துப்பறிவாளன் மார்க் மெக்ஃபெர்சன் அவள் படத்தைப் பார்க்கிறான், கடிதங்களைப் படிக்கிறான், அவள் நாற்காலியில் உட்காருகிறான். செத்தவள் மேல் மெல்ல மனம் போகிறது. ஒரு இரவு கதவு திறக்கிறது. லாரா உயிரோடு வந்து நிற்கிறாள். செத்தது வேறொரு பெண். இப்போது முதல் சந்தேகம் யார் மேல் விழும்? லாரா மேல்தான்.

காஸ்பரி செய்த பெரிய காரியம், கதையைப் பல வாய்களில் கொடுத்தது. முதலில் பத்தி எழுத்தாளன் வால்டோ பேசுகிறான். அலங்காரமான நடை, வாக்கியத்துக்கு வாக்கியம் மேதாவித்தனம். அடுத்து மெக்ஃபெர்சன், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்ற போலீஸ்காரன் நடையில். பிறகு லாராவே பேசுகிறாள். அழகாகப் பேசிய வால்டோதான் கொலைகாரன். அவன் காதல் என்று சொன்னது முழுக்க 'இவள் என் உடைமை' என்ற எண்ணம். பேசத் தெரியாத மெக்ஃபெர்சனுக்குத்தான் அவளை ஒரு மனுஷியாகப் பார்க்கத் தெரிந்தது. அதுவும் உடனே அல்ல. கனவில் கட்டிய பெண் வேறு, எதிரில் நின்று பதில் சொல்லும் பெண் வேறு என்று அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்பேடைப் போலவே இவனும் சந்தேகிக்கிறான். ஆனால் இங்கே உண்மையைத் தேடுவது காதலைக் கொல்லவில்லை, காப்பாற்றுகிறது. 1944-இல் ஆட்டோ பிரெமிங்கர் எடுத்த படம் இன்னும் புகழோடு இருக்கிறது. ஆனால் லாராவின் சொந்தக் குரலுக்கு நாவலில் இருந்த இடம் அதில் இல்லை.

நான்கு ஆண்டு கழித்து டோரதி பி. ஹியூஸ் இன்னும் ஒரு படி போனார். 1947-இல் வந்த 'இன் எ லோன்லி ப்ளேஸ்' நாவலில் நாம் கூடவே நடக்கும் டிக்ஸ் ஸ்டீல், போர் முடிந்து வந்த முன்னாள் விமானப்படை வீரன். தனிமை, கசப்பு, பெண்கள் மேல் சந்தேகம், எல்லாம் பழகிய துப்பறிவாளனின் குணங்கள். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொல்பவன் அவனே. அவனைக் கண்டுகொள்பவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி அவன் காதலி லாரல், இன்னொருத்தி அவனுடைய போலீஸ் நண்பனின் மனைவி சில்வியா. யாரையும் நம்பாத ஆணை வீரனாகப் பார்த்துக்கொண்டிருந்த வாசகனிடம், அவனை நம்பி வீட்டுக்குள் விட்ட பெண்ணின் நிலை என்ன என்று ஹியூஸ் கேட்டார்.

1950-இல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்து வந்த படத்தில் டிக்ஸ் நிரபராதி. ஆனால் முரடன். அவன் கொல்லவில்லை என்று தொலைபேசியில் செய்தி வரும்போது, லாரல் அவனைக் கண்டு நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்ற நிலையில் படம் முடிகிறது. வழக்கு ஜெயித்தது, காதல் தோற்றது.

இனி சாண்ட்லர். எண்ணெய் நிறுவன வேலை போன பிறகு, 45 வயதில் 'பிளாக் மாஸ்க்'கில் முதல் கதை எழுதியவர். ஐந்து மாதம் உழைத்த அந்தக் கதைக்குக் கிடைத்தது 180 டாலர். 1939-இல் 'தி பிக் ஸ்லீப்' நாவலில் பிலிப் மார்லோ வந்தான். மார்லோவைப் பெண்கள் சுற்றி வருவார்கள். அவன் ஒதுங்கி, தன் வாடகை வீட்டில் தனியே சதுரங்கப் புதிர் போட்டுக்கொண்டிருப்பான்.

ஆனால் மார்லோவை எழுதியவர் அப்படி வாழவில்லை. தன்னைவிட 18 வயது மூத்த சிஸியை 1924-இல் மணந்து முப்பது ஆண்டு அவரோடு வாழ்ந்தார். சிஸி நோயில் கிடந்த காலத்தில்தான் 'தி லாங் குட்பை' எழுதினார். அதில் லிண்டா லோரிங் என்ற பணக்காரப் பெண் கல்யாணம் பற்றிப் பேச, மார்லோ மறுக்கிறான். 1954 டிசம்பரில் சிஸி இறந்தார். சாண்ட்லர் நொறுங்கிப் போனார். குடி, தற்கொலை முயற்சி என்று போயிற்று வாழ்க்கை. 1958-இல் வந்த 'ப்ளேபேக்' முடிவில் பாரிஸிலிருந்து லிண்டா மார்லோவைத் தொலைபேசியில் அழைக்கிறாள், கல்யாணப் பேச்சு எழுகிறது. அடுத்த நாவலில் இருவரும் தம்பதி. நான்கு அத்தியாயம் எழுதினார். 1959 மார்ச்சில் இறந்தார். 'பூடில் ஸ்பிரிங்ஸ்' என்ற அந்த நாவலை முப்பது ஆண்டு கழித்து ராபர்ட் பி. பார்க்கர் எழுதி முடித்தார்.

மனைவி இருந்தவரை தன் நாயகனுக்குத் தனிமையை எழுதினார். மனைவி போன பிறகு அவனுக்குத் துணை தேடினார். விதி எழுதியவரே கடைசியில் விதியை மீறினார் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகையில் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் என் பழைய மாணவர்களில் சிலர் உண்டு. அவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து மூன்று பாடம் சொல்வேன்.

ஒன்று, காதலை வழக்குக்குள் வையுங்கள். காதலை எடுத்துவிட்டாலும் வழக்கு அப்படியே நிற்கிறது என்றால், வான் டைனின் மூன்றாம் விதி உங்களைப் பொறுத்தவரை சரிதான்.

இரண்டு, உணர்ச்சிக்குப் பெயர் சொல்லாதீர்கள். கை என்ன செய்தது, பதில் எவ்வளவு தாமதமாக வந்தது என்று எழுதுங்கள். இறுக்கமான நடை காதலுக்குப் பகை அல்ல. பல நேரம் அதுதான் காதலுக்கு உகந்த நடை.

மூன்று, அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாக்குமூலம் உண்டு. அதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். ஹாமெட்டுக்குப் பிறகு காஸ்பரியையும் ஹியூஸையும் படித்தால் இது புரியும்.

யாரையும் நம்பாமல் இருந்தால் ஏமாற மாட்டோம் என்பது உண்மைதான். ஸ்பேட் ஏமாறவில்லை. ஆனால் மறுநாள் காலை தன் மேசையில் உட்கார்ந்திருந்த அவன் நிலையை நினைத்துப் பாருங்கள். ஏமாறாமல் இருப்பதும் வாழ்வதும் ஒன்றல்ல என்று அந்தக் கெட்டி முட்டைக் கதைகள்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தன.

நூலகத்தில் கிடைத்தால் 'லாரா'விலிருந்து தொடங்குங்கள். படித்துவிட்டு, வால்டோவின் மேல் உங்களுக்கு எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.