நிலவுரிமையும் குடிப்பெயரும்: போடோ குலப்பெயர்களும் தொண்டைமண்டலக் ‘கிழான்’ பெயர்களும்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வட்டாரங்களுக்கு அசாமிலிருந்து பணிக்கு வருவோரிடையே பசுமதாரி, நர்சாரி, தைமாரி போன்ற பெயர்களைக் கேட்க நேரும். இவை போடோ மக்களின் குலப்பெயர்கள். விண்ணப்பப் படிவத்தில் இவை இறுதிப்பெயராக எழுதப்படும்போது, தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டுப் பழகிய நம்மவர் இவற்றைச் சாதிப்பட்டம் என்றே கொள்கின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண்பதற்கு ஊரப்பாக்கத்தின் வடக்கே உள்ள குன்றத்தூரின் பழம்பெயர் ஒன்றும் துணைபுரிகிறது.

போடோ, திபெத்திய-பர்மிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. அம்மக்களின் குலப்பெயர்களை முதலில் விரிவாகத் தொகுத்தவர்களுள் ஒருவர், தர்ராங் பகுதியில் சமயப்பணி செய்த சிட்னி எண்டில். கச்சாரிகள் பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்தபின் 1911இல் வெளிவந்தது. பெயரின் இறுதியில் வரும் ‘ஆரி’ என்னும் உறுப்புக்கு ‘மக்கள்’ என அவர் பொருள் கொண்டார். அவ்வாறு கொண்டால் தைமாரி பேராற்று மக்கள். நர்சாரி சணல்கீரை மக்கள். சிபிங்காரி எள் மக்கள். முசாகாரி புலி மக்கள். தம் ஊர்ப்பக்கத்தில் புலி இறந்தால் முசாகாரி குலத்தார் உறவினர் இறந்ததுபோல் துக்கம் காத்தனர் என்றும் எண்டில் எழுதுகிறார்.

இவற்றுள் தனியே ஆராயத்தக்கது பசுமதாரி. இது ‘நில மக்கள்’ என்று பொருள்படும். போடோ மொழியில் மண்ணைக் குறிக்கும் சொல் ‘ஹா’. பெயரிலோ ‘வசுமதி’ என்னும் வடசொல்லின் திரிபு உள்ளது. இதனை மட்டும் நோக்குவோர், அக்குலமே வடமொழி மரபின்வழித் தோன்றியது எனக் கருதக்கூடும். ஆயின் எண்டில் தரும் வழக்கம் ஒன்று வேறு திசையைக் காட்டுகிறது. பிற குலத்தார் இறந்தோரைப் புதைக்கும்போது சில காசுகளை நிலத்தில் இட்டு, அவ்விடத்தை விலைக்கு வாங்குவதாகப் பாவித்தனர். பசுமதாரி குலத்தார்க்கு அக்கடமை இல்லை. நிலத்தோடு அவர்க்கு முன்னமே உறவு உண்டு என்பது கருத்து. ஆகவே, சொல் அயலதாயினும் அது சுட்டும் உரிமை அவர்களுடையதே. பெயரின் வேர்ச்சொல்லை மட்டும் பிரித்துப் பார்ப்பவர்க்கு இவ்வுரிமை புலப்படாது.

‘பிரம்ம’ என்னும் பெயர் இதனினும் சிக்கலானது. அது ஒரு குலத்தின் பெயராகவும் வழங்குகிறது. எனினும் இன்று அப்பெயர் உடையோர் அனைவரும் அக்குலத்தினர் அல்லர். காளிசரண் மெச் (1860-1938) 1906இல் பிரம்ம தருமம் என்னும் சீர்திருத்த நெறியைத் தொடங்கித் தாமும் காளிசரண் பிரம்ம எனப் பெயர் பூண்டார். அந்நெறியினர் பலரும் அப்பெயரை ஏற்றனர். ஒரே பெயர் ஒருவரிடம் பிறப்பையும் மற்றொருவரிடம் தெரிவையும் குறிக்கிறது.

இனித் தொண்டைமண்டலத்தை நோக்குவோம். ‘கிழான்’ என்றால் உரியவன். கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமையைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று இலக்கணம் வகுப்பதும் இப்பொருள்பற்றியே. சங்கப் புலவருள் கோவூர் கிழார், அரிசில் கிழார், ஆலத்தூர் கிழார் ஆகியோர் ஊர்ப்பெயரோடு இணைத்துச் சுட்டப்பட்டனர். முதற்குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோரின் படைத்தலைவன் மணவிற்கூத்தன் ‘அரும்பாக்கிழான்’ எனப்பட்டான். அரும்பாக்கம் என்பதன் ஈறு கெட்டுக் கிழான் சேர்ந்தது. அம்முறைப்படி ஊரப்பாக்கத்தில் நிலவுரிமை பெற்ற ஒருவரை ஊரப்பாக்கிழான் என்று அழைத்திருப்பர்.

சேக்கிழான் என்னும் பெயர் இவ்வாய்பாட்டில் எளிதில் அடங்குவதன்று. பெரியபுராண ஆசிரியரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். சேக்கிழார் என்பது குடிப்பெயர். ‘சே’ எருதாதலின் எருதுக்கு உரியவர், எனவே உழவர் என்பது வழக்கமான விளக்கம். அது கேட்பதற்கு இனியது. ஆனால் பிற கிழான் பெயர்கள் பெரும்பாலும் ஊரைத் தழுவி நிற்க, இது மட்டும் விலங்கைத் தழுவியது ஏன் என்பதற்கு அவ்விளக்கத்தில் விடை இல்லை. கொள்ளிடக் கரைத் திருமழபாடியில் உள்ள இரண்டாம் இராசராசன் காலக் கல்வெட்டு, குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயனைக் குறிக்கிறது. இப்பெயர்த்தொடரில் குன்றத்தூர் ஊர்; உத்தமசோழப் பல்லவராயன் அரசன் அளித்த சிறப்புப்பெயர். ஊர் தனியே சுட்டப்பட்டுவிட்டதால் இடையில் நிற்கும் ‘சேக்கிழான்’ இருப்பிடத்தைக் குறிக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டிற்குள் அது உரிமைச்சொல் என்னும் நிலை நீங்கிப் பரம்பரைப் பெயராக இறுகிவிட்டது எனக் கொள்ளலாம். அதன் முதற்பொருளை அக்காலத்துச் சேக்கிழார்களே அறிந்திருந்தனர் என்று கருதத் தேவையில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. பசுமதாரி என்னும் பெயர் ஒரு குலம் முழுவதற்கும் பொது. கிழான் என்பதோ நிலம் உடையவர்க்கே உரியது. அந்நிலத்தை உழுதவர்க்கு அப்பெயர் இல்லை. நிலவுரிமையோடு பிறந்த பெயர்கள் தமிழகத்தில் காலப்போக்கில் படிநிலையைக் காட்டும் அடையாளங்களாகவும் ஆயின. எனவேதான் இவ்வட்டாரத்தின் தலைநகராகிய செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப்பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. இன்று ஊரப்பாக்கத்து இளைஞர் ஒருவரின் பெயர் ஓரெழுத்தோடு முடிந்துவிடுவதற்கு அவ்வியக்கமும் ஒரு காரணம்.

அதே 1929இல், தாமும் புதுப்பெயர் பூண்டிருந்த காளிசரண் பிரம்ம, சைமன் குழுவின்முன் போடோ மக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கோரினார். செங்கற்பட்டில் பட்டத்தைத் துறப்பது சமத்துவத்திற்கான வழியாயிற்று. அசாமில், எண்ணிக்கையில் சிறிய ஓர் இனத்தார் அயலாருள் கரைந்துபோகாதிருக்கக் குலப்பெயரும் ஒரு பிடிப்பாயிற்று. படிவத்தில் ஒரே கட்டத்தினுள் எழுதப்படும் ‘பசுமதாரி’யையும் நாம் கைவிட்ட பட்டங்களையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.