ஆயரின் இலச்சினை: கேடயத்தில் எதை வரைவது?

புதிய ஆயர் ஒருவர் நியமிக்கப்பட்டதும் திருப்பொழிவு விழா அழைப்பிதழ் நம் கைக்கு வருகிறது. அதன் மேற்புறத்தில் ஒரு கேடயம், அதன்மேல் பச்சைத் தொப்பி, இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள், அடியில் ஒரு விருதுவாக்கு. இதுவே ஆயரின் இலச்சினை. இனி அவருடைய மேய்ப்புப்பணிச் சுற்றுமடல்களிலும் முத்திரையிலும் பேராலயத்தில் உள்ள அவரது இருக்கையிலும், ஒரு நாள் அவரது கல்லறையிலும் இதுவே இடம்பெறும். அவ்வளவு காலம் நிலைக்கும் ஒன்றை, விழா வேலைகளின் அவசரத்தில் ஒரே மாலையில் கணினி முன் அமர்ந்து முடித்துவிடுவது சரியல்ல என்பது நம் கருத்து. அதற்கென மரபு விதிகள் உண்டு.

இம்மரபு 12ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் தோன்றியது. தலைக்கவசம் முகத்தை மறைத்த காலத்தில், போட்டிக் களத்திலும் போர்க்களத்திலும் வீரரை அவரது கேடயத்தைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். ஆகவே தொலைவிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே இக்கலையின் முதல் தேவை. ஆயர்களும் துறவு மடங்களும் தங்கள் முத்திரைகள் வழியாக இதை ஏற்றுக்கொண்டனர்.

நிறங்களைப் பற்றிய விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெண்மையும், உலோகங்கள் எனப்படும். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகத்தையோ வண்ணத்தின்மேல் வண்ணத்தையோ வைக்கக்கூடாது. வெள்ளைச் சுவரில் மஞ்சள் எழுத்தில் திருவிழா விளம்பரம் எழுதினால் சாலையில் செல்பவர் கண்ணில் படுமா? வத்திக்கான் நாட்டின் இலச்சினையில் பொன், வெள்ளித் திறவுகோல்கள் சிவப்புக் களத்தின்மேல் இருப்பது இவ்விதிப்படியே. சிலுவைப்போர்க் காலத்து எருசலேம் அரசின் இலச்சினை மட்டும் வெள்ளிக் களத்தில் பொன் சிலுவைகளைக் கொண்டு விதியை மீறியது. அதனாலேயே அது புகழ்பெற்ற விதிவிலக்கும் ஆயிற்று.

கேடயத்துக்கு வெளியே உள்ளவை ஆயரின் விருப்பத்துக்கு உட்பட்டவை அல்ல, பதவிக்குரியவை. ஆயருக்குப் பச்சைத் தொப்பி. பக்கத்துக்கு 6 குஞ்சங்கள், மேலிருந்து 1, 2, 3 என்ற வரிசையில். பேராயருக்கும் பச்சைதான், ஆனால் பக்கத்துக்கு 10. கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பி, பக்கத்துக்கு 15. கேடயத்தின் பின்னால் நிற்கும் சிலுவைக்கு ஆயரானால் ஒரு குறுக்குச் சட்டம், பேராயரானால் இரண்டு. கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியை 1245இல் லியோன் பொதுச்சங்கத்தின்போது திருத்தந்தை 4ஆம் இன்னொசென்ட் அளித்தார். அகன்ற விளிம்புள்ள அத்தொப்பியைத் தலையில் வைக்கும் சடங்கு 1969ஆம் ஆண்டுத் திருப்பீட அறிவுரையோடு நின்றுவிட்டது. இலச்சினையில் மட்டும் தொப்பி நீடிக்கிறது. அதே அறிவுரை, கர்தினால்களும் ஆயர்களும் கேடயத்தோடு மைட்டர் என்னும் தலையணியையும் செங்கோலையும் வரைவதை நிறுத்தச் சொன்னது. ஆனாலும் இன்றும் அவற்றைச் சேர்த்து வரைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேடயத்தின் உட்புறத்தில்தான் ஆயரின் மனம் வெளிப்படுகிறது. சோதனையும் அங்கேதான் தொடங்குகிறது. கடற்கரைப் பங்கொன்றில் பிறந்த அருள்பணியாளர் ஒருவர் ஆயராகிறார் எனக் கொள்வோம். படகு வேண்டும், வலை வேண்டும், பனைமரம், குத்துவிளக்கு, திறந்த விவிலியம், புறா, கைகோத்து நிற்கும் மக்கள், மறைமாவட்ட வரைபடம் என எல்லாம் வேண்டும் என்கிறார்கள் அன்பர்கள். ஒவ்வொன்றுக்கும் நல்ல பொருள் உண்டு. ஆனால் எட்டையும் ஒரு கேடயத்துக்குள் திணித்து, முத்திரையாக ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், கரும்புள்ளிதான் மிஞ்சும். நீலக் களத்தில் ஒரு பொன் படகு, அதன்மேல் ஒரு வெள்ளி விண்மீன் என்று நிறுத்தினால், மீனவர் ஊரும் திருச்சபையும் அன்னை மரியாவும் அதில் அடங்கிவிடுகிறார்கள். வரைபடமும் நிழற்படமும் இக்கலைக்கு ஒவ்வாதவை. எழுத்துகளையும் மரபு விரும்புவதில்லை. திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் அதை அறிந்தும், சிலுவையின் அடியில் நின்ற அன்னையைக் குறிக்க 'எம்' என்ற எழுத்தை விடாமல் வைத்துக்கொண்டார்.

பெயரையே படமாக்கும் பழைய வழியும் உண்டு. பச்செல்லி குடும்பத்தில் பிறந்த 12ஆம் பயஸின் கேடயத்தில் ஒலிவக் கிளை ஏந்திய புறா இருந்தது. 'பாச்செ' என்றால் இத்தாலிய மொழியில் அமைதி. நம்மிடையே ஞானப்பிரகாசம் என்ற பெயருடையவருக்கு விளக்கைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை.

ஒரே உருவம் ஒரு வாழ்வையே சொல்லக்கூடும். திருத்தந்தை 16ஆம் பெனடிக்டின் கேடயத்தில் முதுகில் மூட்டையோடு ஒரு கரடி நிற்கிறது. புனித கொர்பீனியன் உரோமைக்குச் செல்லும் வழியில் கரடி ஒன்று அவரது குதிரையைக் கொன்றதாம். புனிதர் அந்தச் சுமையைக் கரடியின் முதுகிலேயே ஏற்றிவிட்டார் என்பது மரபுக் கதை. 1977இல் மியூனிக்-பிரைசிங் பேராயரானபோது அவர் எடுத்துக்கொண்ட இவ்வுருவம், 2005இல் திருத்தந்தையானபோதும் தொடர்ந்தது. இறைவனின் சுமையைச் சுமக்கும் விலங்காகவே அவர் தம்மைக் கண்டார். பேராசிரியராக நூல்களோடு வாழ விரும்பிய ஒருவர் இதைத் தேர்ந்தார் என்று எண்ணும்போது, அது வெறும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

படத்துக்கு முன் சொல் வரவேண்டும் என்பது இன்னொரு விதி. 'நீலக் களம், அதில் பொன் படகு, மேலே எட்டு முனை வெள்ளி விண்மீன்' என முதலில் எழுத்தில் வரையறுக்க வேண்டும். இவ்விவரிப்பே மூலம், ஓவியர் எத்தனை விதமாக வரைந்தாலும் இலச்சினை ஒன்றே. 2013 மார்ச் மாதம் திருத்தந்தை பிரான்சிஸின் இலச்சினை வெளியானபோது விண்மீனுக்கு ஐந்து முனைகள் இருந்தன. புனித யோசேப்பைக் குறிக்கும் நார்து மலரைப் பலர் திராட்சைக் குலை என்று எண்ணினர். சில நாள்களிலேயே எட்டு முனை விண்மீனோடும் தெளிவான மலரோடும் திருத்திய வடிவம் வந்தது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோவின் கேடயம் எளிமைக்கு நல்ல சான்று: சாய்வாகப் பிரித்த களத்தில் மேலே நீலத்தில் வெள்ளை லீலி, கீழே வெளிர் நிறத்தில் மூடிய நூலும் அம்பு துளைத்த இதயமும்.

விவரிக்கும்போது வலம், இடம் என்பவை கேடயத்தைப் பிடித்திருப்பவரின் பக்கங்கள் ஆகும். எனவே 'வலப்புறம்' என்று எழுதியிருந்தால் அது நமக்கு இடப்புறமாகத் தெரியும். மதிப்புக்குரிய பக்கமும் அதுவே. மறைமாவட்டத்தின் சின்னத்தையும் ஆயரின் சொந்தச் சின்னத்தையும் ஒரே கேடயத்தில் இணைக்கும் அமெரிக்க வழக்கில், மறைமாவட்டம் அந்தப் பக்கத்தைப் பெறுகிறது.

வண்ணமில்லாத முத்திரைக்கும் வழி உண்டு. இயேசு சபை அருள்பணியாளர் சில்வெஸ்தர் பெத்ரா சாங்தா 1638இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய கோட்டுமுறை இன்றும் பயன்படுகிறது. நெடுக்குக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் பொன், வெற்றிடம் வெள்ளி.

விருதுவாக்கு கட்டாயமன்று, 16ஆம் பெனடிக்டின் திருத்தந்தை இலச்சினையில் அது இல்லை. வைப்பதானால் நான்கைந்து சொற்களுக்குள், மக்கள் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய தமிழில் வைப்பது நலம்.

பங்குமக்கள் தம் குடும்பத்துக்கென ஒன்றை வரையலாமா எனக் கேட்பதுண்டு. வரையலாம். குருக்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய தொப்பியையும் குஞ்சங்களையும் அதில் சேர்க்கக்கூடாது. வேறொருவருடைய கேடயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. இந்தியாவில் அசோகத் தூணின் சிங்கங்கள் அரசுச் சின்னம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது.