பதினைந்து டாலர் கம்பி

சில வருடங்களுக்கு முன் ஒரு செகண்ட்ஹேண்ட் கார் வாங்கினேன். ஸ்டீயரிங்கில் இருந்து கையை லேசாகத் தளர்த்தினால் போதும், வண்டி தானாகவே இடப்பக்க டீக்கடையைப் பார்த்து நடையைக் கட்டும். ‘‘ரோடு அப்படி சார்’’ என்றார் விற்றவர். ‘‘நீங்க சரியாப் பிடிக்கறதில்ல’’ என்றார் நண்பர். மூன்று மாதம் பழி முழுக்க என் டிரைவிங் மேல்தான்.

கடைசியில் ஒரு மரத்தடி மெக்கானிக் முன் டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பார்த்தார். உள் விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் ஆட்டினார். டொக்... டொக்! ‘‘ஸ்டீயரிங் என்ன சார் பண்ணும்? கீழ லோயர் ஆர்ம் புஷ் செத்துப் போச்சு. அதை மாத்திட்டு அலைன்மென்ட் பாருங்க.’’

விஷயம் இவ்வளவுதான். ஆனால், இதே விஷயத்தில் ஒரு தேசமே வருடக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? தப்பு ஓட்டினவன் மேலா, சஸ்பென்ஷன் மேலா?

1959 அக்டோபர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ‘செவர்லே கார்வேர்’ என்றொரு சின்ன காரை இறக்கியது. அங்கே அப்போது கார் என்றால் படகு சைஸில் இருக்கும். இதுவோ கச்சிதம். எஞ்சின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, காற்றே குளிர்விக்கும். இதை உருவாக்கிய எட் கோல் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் வந்தார் என்றால் பாருங்களேன்!

வில்லங்கம் பின் சக்கரத்தில் இருந்தது. ‘ஸ்விங் ஆக்ஸில்’ என்பார்கள். பின் சக்கரம் ஒவ்வொன்றின் அச்சும் நடுவில், டிஃபரன்ஷியல் பக்கத்தில் மட்டும்தான் மடங்கும். சக்கரத்தின் பக்கம் மடங்காது. நேர் ரோட்டில் பிரச்னை இல்லை. வளைவில் வேகமாகத் திருப்பினால், வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். ஓடுகிறபோது கணுக்கால் புரண்டு போகிற மாதிரி! டயரின் ஓரம் மட்டும் தரையில் நிற்கும். அடுத்த நொடி பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். ஓட்டுகிறவர் பதறி ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பார். சில சமயம் உருண்டும் விடும்.

இது கம்பெனிக்குத் தெரியாதா? ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த எஞ்சினீயர் மாரிஸ் ஆலி, 1956-ல் கிடைத்த ஒரு காப்புரிமைப் பத்திரத்திலேயே, சாதாரண ஸ்விங் ஆக்ஸில் வளைவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் என்று எழுதி வைத்திருந்தார். கார்வேர் வருவதற்கு மூன்று வருடம் முன்பே!

அப்புறம் எப்படி விற்றார்கள்? காற்றை வைத்துச் சமாளித்தார்கள். முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு. அப்படி வைத்தால் முன்பக்கம் கொஞ்சம் சோம்பேறியாகத் திரும்பும், பின்பக்கம் அடங்கியிருக்கும். காகிதத்தில் கணக்கு சரி. ஆனால், பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிற பையன் என்ன செய்வான்? நாலு டயருக்கும் ஒரே அளவாக அடித்து அனுப்புவான். ஒரு குடும்பத்தின் உயிரை அவன் கையில் இருக்கிற ஹோஸ் பைப்பை நம்பி விட்டால் எப்படி?

1962 ஜனவரி 13. டி.வி. நகைச்சுவை நட்சத்திரம் எர்னி கோவாக்ஸ், லாஸ் ஏஞ்சலீஸில் மழை ஈரச் சாலையில் கார்வேர் ஸ்டேஷன் வேகனில் போனார். வளைவில் கட்டுப்பாடு தவறி மின் கம்பத்தில் மோதி அங்கேயே இறந்துபோனார். (அவர் வேகமாக வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணிக்கு இடது கை போனது. கம்பெனி 70,000 டாலர் கொடுத்து கேஸை முடித்துக்கொண்டது.

ரிப்பேருக்கு என்ன செலவு? அதே நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்த ஜான் டிலோரியன் பிற்பாடு போட்டு உடைத்தார். ஒரு ஸ்டெபிலைசர் கம்பி. காருக்கு 15 டாலர்! செவர்லே பிரிவின் தலைவராக 1961-ல் வந்த பங்க்கி நுட்சன் அதைக் கேட்டபோது, மேலிடம் ‘செலவு ஜாஸ்தி’ என்றது. ‘கம்பியைப் போட விடுங்கள், இல்லாவிட்டால் ராஜினாமா’ என்று அவர் மிரட்டிய பிறகுதான் சம்மதித்தார்களாம். பெரிய அதிகாரிகளின் சொந்தப் பிள்ளைகளே கார்வேரில் அடிபட்டார்கள், நுட்சனின் உறவுப் பெண்ணும் அதில் ஒருத்தி என்று டிலோரியன் சொல்கிறார்.

நான் பி.காம். படித்தவன். கை சும்மா இருக்காது. பழைய சஸ்பென்ஷனோடு 1960-லிருந்து 63 மாடல் வரை வந்த வண்டிகள் 10 லட்சத்துக்கும் மேல். 10 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1.5 கோடி டாலர். 1964-ல் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் லாபம் 170 கோடி டாலர். நூற்றுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. அதுவும் நாலு வருஷத்துக்குச் சேர்த்து!

1964 மாடலில் கம்பி வந்தது. 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனையே மாற்றி, சக்கரப் பக்கமும் மடங்குகிற அருமையான அமைப்பைக் கொடுத்தார்கள். அதாவது, வியாதி குணமாகிவிட்டது. இடி அதற்கப்புறம்தான் விழுந்தது!

1965 நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற 31 வயது வக்கீல் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்று ஒரு புத்தகம் போட்டார். முதல் அத்தியாயமே கார்வேர்தான். கம்பெனி பதில் சொல்லியிருக்கலாம். பதிலாக, துப்பறியும் ஆட்களை ஏவிவிட்டது. நேடர் பின்னாலேயே அலைந்தார்கள். அவருடைய நண்பர்களிடம் போய், ‘ஆள் எப்படி, பெண்கள் சகவாசம் உண்டா?’ என்று குடைந்தார்கள். குட்டு உடைந்தது. 1966 மார்ச் 22 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச், செனட்டர் ரிபிகாஃப் கமிட்டி முன்னால், ஊரே டி.வி-யில் பார்க்க மன்னிப்புக் கேட்டார். புத்தகம் விற்றுத் தள்ளியது. அதே வருடம் செப்டம்பர் 9-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக நேடர் போட்ட கேஸில் 1970-ல் 4,25,000 டாலர் கொடுத்து சமரசம்.

நேடர் ஹீரோ, கம்பெனி வில்லன் என்று இங்கே சுபம் போட எனக்கும் ஆசைதான். ஆனால், 1972-ல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே 1963 கார்வேரை ஃபோர்டு ஃபால்கன், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற அந்தக் காலத்து வண்டிகளோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘மற்றதைவிட இது மோசமில்லை’ என்று அறிக்கை கொடுத்தது. பீட்டிலிலும் ஸ்விங் ஆக்ஸில்தான் என்பது உண்மை. ‘மற்றவனும் இப்படித்தான்’ என்பது எனக்கு அவ்வளவு நல்ல பதிலாகப் படவில்லை. 15 டாலரில் சரியாகும் என்று தெரிந்த பின்னாலும், ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளில் ஒன்றைக்கூடக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்கவில்லையே! விவரம் தெரிந்தவர்கள் வெளிக்கடையில் ‘கேம்பர் காம்பன்சேட்டர்’ என்று ஒரு பட்டையை வாங்கி, தாங்களே மாட்டிக்கொண்டார்கள்.

விற்பனை 1965-ல் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். 1966-ல் ஒரு லட்சத்து சொச்சம். (ஃபோர்டு மஸ்டாங்கின் போட்டியும் இதற்கு ஒரு காரணம். எல்லாவற்றையும் நேடர் கணக்கில் எழுத முடியாது.) 1969 மே மாதம் கடைசி கார்வேர் வெளியே வந்தது.

இன்றைக்கும் அதைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற ரசிகர்கள் அமெரிக்காவில் உண்டு. பழைய மாடல் வைத்திருப்பவர்கள் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தாங்களே கேஜ் வைத்து அளந்துதான் காற்று பிடிப்பார்கள். ஆமாம், உங்கள் வண்டிக்கு எவ்வளவு? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு தடவையாவது படித்திருக்கிறீர்களா?