ஜொனத்தன் கோல்ட்

ஜொனத்தன் கோல்ட் (ஜூலை 28, 1960 – ஜூலை 21, 2018) ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சேர்ந்த உணவக விமர்சகர் ஆவார். 2007 இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். இப்பரிசைப் பெற்ற முதல் உணவக விமர்சகர் இவரே.

விமர்சனப் பணி

1986 இல் எல்.ஏ. வீக்லி இதழில் 'கவுண்ட்டர் இன்டெலிஜென்ஸ்' என்னும் பத்தியைத் தொடங்கினார். அக்காலத்தில் உணவக விமர்சனங்கள் பெரும்பாலும் விலையுயர்ந்த உணவகங்களைப் பற்றியே அமைந்தன. கோல்ட், குடியேறியோர் நடத்திய சிறு கடைகளையும் டாக்கோ வண்டிகளையும் அதே கவனத்துடன் மதிப்பிட்டார். ஓர் உணவகத்தில் பலமுறை உண்ட பின்னரே எழுதுவது இவரது வழக்கம். 2012 இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழுக்குத் திரும்பினார். அதில் இவர் வெளியிட்ட 101 சிறந்த உணவகங்களின் பட்டியலில் உயர்தர உணவகங்களும் தெருவோர வண்டிகளும் ஒருங்கே இடம்பெற்றன. விமர்சகர்கள் முகத்தை மறைத்துக்கொள்ளும் வழக்கத்தை 2015 இல் கைவிட்டார்.

இவரைப் பற்றிய 'சிட்டி ஆஃப் கோல்ட்' என்னும் ஆவணப்படம் 2015 இல் வெளிவந்தது.