தாங்க ஏலாத நோவுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

எங்கள் மக்களின் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது, ‘தாங்க ஏலாத நோ’ என்ற இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். ஆங்கிலத்தில் அதற்குப் பல சொற்கள் உண்டு. ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

‘அன்பெயறபிள்’ என்றால் தாங்கமுடியாதது. உடல் நோவுக்கும் மனத்துயருக்கும் பொதுவாக வரும்.

‘எக்ஸ்குருசியேற்றிங்’ என்பது பெரும்பாலும் உடல் வலியின் உச்சம். சிலுவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

‘அகனைசிங்’ என்பதன் வேர், போராட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நீண்டு வதைக்கும் வலிக்குப் பொருந்தும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகத் தாய் காத்திருப்பதற்கும் பொருந்தும்.

‘ஹரோயிங்’ உழுத நிலத்தில் மண்கட்டி உடைக்கும் பல்லுள்ள கருவியின் பெயரிலிருந்து வந்தது. முள்ளிவாய்க்காலில் கண்டதைச் சொல்ல இதனைப் பயன்படுத்தலாம், கால்வலிக்குப் பயன்படுத்துவதில்லை.

‘குரோனிக்’ என்பதைப் பலர் ‘மிகக் கடுமையான’ என்று விளங்கிக்கொள்கிறார்கள். மருத்துவத்தில் அது காலத்தைக் குறிக்கும்: பொதுவாக மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி. உடம்பில் தங்கிய ஷெல் துண்டு வருடக்கணக்காகத் தரும் நோ இந்த வகை.

‘சிவியர்’ சாதாரண சொல்லாகத் தோன்றினாலும் சட்டத்தில் எடை கூடியது. 1984ஆம் ஆண்டின் ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான சாசனம், உடலுக்கோ மனதுக்கோ ஏற்படுத்தப்படும் ‘சிவியர்’ வலி அல்லது துன்பம் பற்றிப் பேசுகிறது. இலங்கையின் 1994ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டத்தின் வரைவிலக்கணத்திலும் அச்சொல் உண்டு. ஆனால் அங்கே வலி மட்டுமே இருக்கிறது, ‘துன்பம்’ இல்லை. ஆகவே மனதுக்கு நேர்ந்ததையும் வலியாகவே தெளிவாக எழுதவேண்டும்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் றொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாக்கொத்தில் 78 சொற்கள் 20 குழுக்களாக உள்ளன. எவ்வளவு வலி என்பதோடு எப்படிப்பட்ட வலி என்பதையும் அது கேட்கிறது. எரியுது, குத்துது, உளையுது, விறைக்குது என்று நாங்கள் சொல்வதும் அதைத்தான். மொழிபெயர்ப்பவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

எந்தப் பெயரடையும் தனியே நின்று சாட்சி சொல்லாது. எத்தனை இரவு படுக்க ஏலவில்லை, எந்தக் கையைத் தூக்க முடியவில்லை, எந்த வேலையை விட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையெழுத்திட முன்னர், ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். அது உங்கள் நோ. அதன் அளவு உங்களுக்குத்தான் தெரியும்.